பால்கோவா ஊரில் ஒரு நோன்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் அத்தை பால்கோவாப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். பைக்குள் வைத்தால் நசுங்கிவிடுமாம். வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "எந் தம்பி எங்க?" என்று கேட்பார். தம்பி என்றால் என் அப்பா. வயது அறுபத்து நான்கு. அத்தைக்கு அவர் இன்னும் டவுசர் போட்ட பையன்தான்.

போன வருடப் பொங்கலுக்கும் அப்படித்தான் வந்தார். அதற்கு முந்தைய ஐப்பசியில் அப்பாவின் இடது கால் பெருவிரலை எடுத்திருந்தார்கள். பதினேழு வருடச் சர்க்கரை. செருப்பு கடித்த சின்னப் புண். வலிக்கவில்லை, அதனால் அப்பா யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரையில் நரம்பு மரத்துப்போனால் வலிக்காது, வலிக்காததுதான் ஆபத்து என்பது எங்களுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

அத்தை பொட்டலத்தைப் பிரித்தார். ஸ்பூன்கூடக் கேட்கவில்லை. விரலால் ஓர் உருண்டை எடுத்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனார். அப்பா வாயைத் திறந்தார். நான் பொட்டலத்தைப் பிடுங்கினேன்.

"இன்னொரு விரலும் போகட்டும்ங்கிறீங்களா அத்தை?"

அத்தை பதில் சொல்லவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பொங்கல் பானை இறங்குவதற்குள் பஸ் ஏறிவிட்டார். ஆடிக்கு வரவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. அப்பா என்னோடு எப்போதும்போலப் பேசினார், சாப்பாட்டு நேரத்தைத் தவிர.

நான் சொன்னதில் தகவல் பிழை எதுவும் இல்லை. பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை, சுண்டியபின் ஏறக்குறைய மூன்று கிலோ பால்கோவா. கடைக்குக் கடை கொஞ்சம் மாறும், ஆனால் பொதுவான கணக்கு இதுதான். கால் கிலோப் பொட்டலத்தில் சேர்த்த சர்க்கரை மட்டும் சுமார் நூறு கிராம். பாலிலேயே இருக்கும் சர்க்கரை தனி. இந்தக் கணக்கை அத்தையிடம் சொல்லவும் செய்தேன், போனில். "சரிப்பா" என்று வைத்துவிட்டார்.

என் கணக்கும் சுத்தமில்லை. கம்பெனி செக்கப்பில் எனக்கு மூன்று மாத சர்க்கரை 6.1. 5.7 தாண்டினால் எல்லைக்கோடு, 6.5 என்றால் நோய். பெங்களூரில் தனியாக இருக்கும்போது என்னால் சமாளிக்க முடிகிறது. ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, சுண்டல், ஒரு மணி நேர நடை. ஊருக்கு வந்தால் மூன்று நாள் தாங்காது. அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆளாளுக்கு ஒரு தட்டு. வேண்டாம் என்றால் "ஏன், எங்க வீட்டுச் சாப்பாடு பிடிக்கலையா?" என்று கேள்வி. லீவு முடிந்து திரும்பும்போது இரண்டு கிலோ ஏறியிருக்கும், கூடவே யாரோ ஒருவரின் மனசைக் கஷ்டப்படுத்திய உறுத்தலும்.

நம் ஊரில் "வேண்டாம்" என்ற சொல்லுக்கு ஏன் இடமே இல்லை? போன மார்கழியில் அத்தையைச் சமாதானப்படுத்தப் போன இடத்தில்தான், அதற்கு ஒரு காலத்தில் இடம் இருந்தது என்று தெரிந்தது. அதுவும் பால்கோவா ஊரிலேயே.

*

நான் போன அன்று ஆண்டாள் கோயிலில் பகல் பத்து தொடக்கம். மார்கழி பிறந்து ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. அத்தை என்னைப் பார்த்ததும் "வா" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் ஆனதும் புடவை மாற்றிக்கொண்டு, "பச்சை பரத்தல் பாத்திருக்கியா? வா" என்று கூட்டிப்போனார். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தவன், பார்த்ததில்லை.

பகல் பத்தின் முதல் நாளில் ஆண்டாளும் ரெங்கமன்னாரும் பெரியாழ்வார் வழிவந்தவர்களின் வீட்டுக்குப் போவார்கள். ஆண்டாளுக்கு அது பிறந்த வீடு. வீட்டு முன்னால் காய்கறிகளைக் குவித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். பூசணி, கத்தரி, வாழைக்காய், கிழங்கு, கீரை, கரும்பு என்று பச்சையாகப் பரப்புவதால்தான் அந்தப் பெயர். கல்யாணமாகிப் போன பொண்ணு மாப்பிள்ளையோடு வருகிறாள், அம்மா வீட்டில் என்னவெல்லாம் இருக்கிறதோ அத்தனையும் வாசலுக்கு வந்துவிடுகிறது. பிறகு மணிப்பருப்பும் திரட்டுப்பாலும் படைப்பார்கள். மணிப்பருப்பு என்பது கொண்டைக்கடலையில் வெல்லம் சேர்த்துச் செய்வது. திரட்டுப்பால் என்பது பாலைச் சுண்டக் காய்ச்சி இனிப்புச் சேர்ப்பது, பால்கோவாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா.

கூட்டத்தில் நின்றுகொண்டு அத்தை என் காதில் சொன்னார்: "பாத்தியா, சாமியே ஆனாலும் பொறந்த வீட்டுல சும்மா அனுப்ப மாட்டாக."

எனக்கு அப்போது வேறொன்று உறைத்தது. பாலை விட்டவள் அல்லவா இவள்?

திருப்பாவையைத் தெருவில் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவர்களுக்கே வரிசை நினைவிருக்கும். முப்பது பாசுரத்தில் இரண்டாவது, நோன்பின் விதிகளைச் சொல்வது. அதில் முதலில் விடுவது நெய்யும் பாலும். பிறகுதான் கண் மையும் தலைப் பூவும். அதோடு, செய்யத்தகாததைச் செய்வதையும் கோள் சொல்வதையும் விடுகிறார்கள். இருபத்தேழாவது பாசுரத்தில் நோன்பு முடிகிறது. நகை போட்டு, புது உடை உடுத்தி, விட்ட நெய்யும் விட்ட பாலும் ஒரே சோற்றில் திரும்பி வருகின்றன. பால்சோற்றை மூடும்படி நெய் ஊற்றி, அது முழங்கை வழியே வடிய, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மார்கழி 27 கூடாரவல்லி என்று கொண்டாடப்படுவது அதனால்தான். கூடாரவல்லிக்கு மூன்று நான்கு நாளில் பொங்கல் வந்துவிடும்.

இலக்கணப் பாடத்தில் கோட்டை விட்டவன் நான். ஆனாலும் ஒன்று தெரிகிறது. விடுவதும் "நாங்கள்", சாப்பிடுவதும் "நாங்கள்". ஒருத்தி பாலை விட்டு, அவளைச் சுற்றி மற்றவர்கள் திரட்டுப்பால் தின்கிற காட்சி அதில் கிடையாது. தொடங்கும் நாள் எல்லோருக்கும் தெரியும், முடியும் நாளும் தெரியும். நடுவில் யார் வீட்டுக்குப் போனாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

பிறந்த வீட்டுத் திரட்டுப்பாலை இந்த நோன்போடு எப்படிப் பொருத்துவது என்று அத்தையிடம் கேட்டேன். "அவ விட்டா, அவுக வைக்காம இருக்க முடியுமா?" என்றார். கொஞ்ச தூரம் நடந்தபின், "வச்சாத்தான் மனசு ஆறும். திங்கிறது அவ இஷ்டம்" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் எனக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

*

சாப்பாட்டை அளவில்லாமல் வைப்பதும் இந்த ஊர்க்காரியிடமிருந்தே வந்ததுதான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் திருமாலிருஞ்சோலைப் பெருமாளுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொள்கிறாள். தடா என்றால் பெரிய பானை. அக்காரவடிசில் என்றால் பாலில் வெந்த அரிசியும் வெல்லமும் நெய்யும். அந்த நேர்ச்சையை அவளால் நிறைவேற்ற முடியவில்லை என்றும், சில நூற்றாண்டுகள் கழித்து ராமானுஜர் அழகர்கோயிலில் நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தபோது ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்றும் வைணவ மரபு சொல்கிறது.

கதையாகவே இருக்கட்டும். நேர்ந்த சாப்பாட்டை முடித்து வைத்தவர் கூடப்பிறந்தவர் ஆகிவிடுகிறார் என்பதுதான் அதன் கணக்கு. கிலோமீட்டர் கணக்கில் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வரும் அத்தையை நான் நூறு கிராம் சர்க்கரையாகப் பார்த்தேன். அவர் கொண்டுவந்தது அக்கா என்கிற உறவை. அதைத்தான் நான் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

*

இந்த வற்புறுத்தலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கோயிலில் கிடைக்காது, ரேஷன் கார்டில் கிடைக்கும்.

எங்கள் அப்பத்தா பிறந்தது 1938-இல். அவளுக்கு விவரம் தெரிந்த வயதில் சோறு அவுன்ஸ் கணக்கில் இருந்தது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்த மாகாணம். ரேஷன் வந்தது. போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது, ரேஷன் போகவில்லை. அடுத்தடுத்து மழை பொய்த்தது.

அந்தப் பஞ்சக் காலத்தில் மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்துக்காரர். பூ.ச. குமாரசாமி ராஜா, 1949 ஏப்ரலிலிருந்து 1952 ஏப்ரல் வரை. தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். எளிமைக்குப் பெயர் வாங்கியவர். ஆனால் 1952-இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில், பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியிலேயே தோற்றுப்போனார். காங்கிரஸுக்கு 375 இடங்களில் 152தான் கிடைத்தது. அரிசித் தட்டுப்பாடு அந்தத் தோல்விக்கு முக்கியக் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. அடுத்து வந்த ராஜாஜி அதே வருடம் ஜூனில் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

அப்பத்தாவுக்கு இந்தத் தேதிகள் எதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது கம்பங்கஞ்சி. இது கரிசலும் செம்மண்ணும் கலந்த பூமி. கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு. நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். கி.ரா.வைப் படித்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வருடத்தில் சில நாள் மட்டும் வெள்ளைச் சோறு பார்க்கிற குழந்தைக்கு, "இன்னும் கொஞ்சம் வச்சுக்க" என்பதைவிடப் பெரிய சொல் எது? அவள் பெரியவளானதும் அதையே திருப்பிச் சொன்னாள், அப்பாவுக்கும் அத்தைக்கும். இன்றைக்கு அத்தை சொல்லும்போது கேட்பது அப்பத்தாவின் குரல்தான்.

இதில் பிசகு எங்கே நடந்ததென்றால், பண்டிகை தினசரி ஆனதில்தான். பசுமைப் புரட்சி வந்தது. ரேஷன் அரிசி 2008-இல் கிலோ ஒரு ரூபாய் ஆனது, 2011-இல் இலவசமானது, பெரும்பாலான குடும்பங்களுக்கு மாதம் இருபது கிலோ வரை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பசியில்லாத தமிழ்நாடு என்பது சாதாரணச் சாதனை இல்லை, அப்பத்தா அந்த அரிசியைக் கையால் அள்ளிப் பார்த்து அழுதிருக்கிறாள். ஆனால் கம்பு போன இடத்தில் மூன்று வேளையும் அரிசி உட்கார்ந்தது. காட்டு வேலை போய் உட்கார்ந்த வேலை வந்தது. 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்குப் பின்னால் பஞ்சாலைகள் பெருகி, ஷிப்ட் வாழ்க்கை ஊருக்குப் பழகியது. அப்பாவும் ஒரு மில்லில் முப்பது வருடம் மூன்று ஷிப்ட் பார்த்தவர். நைட் ஷிப்ட்டில் தூக்கம் வராமலிருக்க டீ, டீயோடு ஏதாவது ஒன்று. பால்கோவாவும் வருடத்துக்கு ஒரு தடவை என்பதிலிருந்து பஸ் ஸ்டாண்டில் எந்நேரமும் கிடைப்பதாக ஆனது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். அப்பா முதல் எண்ணில் இருக்கிறார், நான் இரண்டாவது எண்ணில்.

ஆக, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பயங்கள் எதிரெதிரே உட்கார்ந்திருக்கின்றன. பெரியவர்களுக்கு, சோறு இல்லாமல் போய்விடும் என்ற பழைய பயம். எனக்கு, இருக்கிற சோறே ஆளைத் தின்றுவிடும் என்ற புதிய பயம். இரண்டுமே நியாயமானவை. நான் செய்த தப்பு, என் பயத்தை அறிவியல் என்றும் அவர்கள் பயத்தை மூடத்தனம் என்றும் பெயர் வைத்துக்கொண்டது.

*

"டயட்ல இருக்கேன்" என்று ஊரில் சொல்லிப் பாருங்கள். சிரிப்பார்கள். "இந்த ஒரு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அதே ஆள் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தால்? கறிக்குழம்பை யாரும் பக்கத்தில்கூடக் கொண்டுவர மாட்டார்கள். ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், குடிக்கிறவன் குடிக்காமல் இருக்கிறான், அவனை வற்புறுத்துகிற கூட்டாளி ஒருவன்கூடக் கிடையாது. புரட்டாசிச் சனிக்கிழமை அப்படித்தான். ரம்ஜான் நோன்பு அப்படித்தான், திறக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்கும் கஞ்சி போகிறது. கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவக்காலமும் அப்படித்தான், முடிவில் ஈஸ்டர் இருக்கிறது.

டயட் என்பது நான் மட்டும் எடுத்த முடிவு. அதற்கு முடிவு தேதி இல்லை, முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுகிற நாளும் இல்லை. கொடுப்பவர் காதில் அது "உன்னுடையது எனக்கு வேண்டாம்" என்று மட்டும்தான் விழும். நோன்பில் கொடுப்பவருக்கும் வேலை இருக்கிறது. விலக்கிச் சமைக்க வேண்டும், நாளை எண்ண வேண்டும், கடைசி நாளுக்குப் பானை ஏற்ற வேண்டும். அத்தையை நான் வேலையில்லாமல் ஆக்கிவிட்டேன். அவர் அதைத்தான் தாங்கவில்லை.

இதையெல்லாம் நான் அன்று ராத்திரி அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, செய்தது அத்தைதான். மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது, "தம்பிக்குப் போனப் போடு" என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, நான் கூடாரவல்லி வரைக்கும் இனிப்பு விட்டிருக்கேன். நீயும் விடு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீ எதுக்குக்கா விடணும்? உனக்கென்ன சர்க்கரையா?"

"பாவை நோன்புக்குச் சர்க்கரை வேணுமாக்கும்? நீ விடுறியா, இல்லையா?"

அப்பா விட்டார். டாக்டர் பதினேழு வருடமாகச் சொல்லிக் கேட்காதவர், மூன்று வாரம் டீக்குக்கூடச் சர்க்கரை போடவில்லை. நானும் விட்டேன். அம்மாவையும் சேர்த்துக்கொண்டோம். விட்டது இனிப்பை மட்டும்தான், சாப்பாட்டை இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயங்கி விழலாம் என்பதால் டாக்டரிடம் கேட்டுத்தான் செய்தோம். அத்தை தினம் ராத்திரி போன் பண்ணுவார். "இன்னைக்குப் பதினாலு. ஒழுங்கா இருந்தியா?" பச்சை பரத்தலில் பார்த்த மாதிரியே ஒரு நாள் பை நிறையக் கீரையும் சுரைக்காயும் வெண்பூசணியும் பஸ்ஸில் கொண்டுவந்து எங்கள் வாசலில் பரப்பினார். ஒரு வருடம் கழித்து எங்கள் வீட்டு வாசப்படி ஏறியது அன்றைக்குத்தான். மடியில் பொட்டலம் இல்லை.

கூடாரவல்லிக்கு நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். அத்தை கொஞ்சமாக அக்காரவடிசில் செய்திருந்தார். எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு கரண்டி என்று முன்பே பேச்சு. அப்பா கரண்டியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அத்தை அந்தப் பக்கம் திரும்பியபோது இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். அத்தையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை.

மூன்று வார நோன்பு பதினேழு வருட நோயை மாற்றிவிடாது. அந்த டெஸ்ட் காட்டுவது மூன்று மாதச் சராசரியை, அதில் மூன்று வாரம் என்பது கால் பங்கு. போன விரல் வராது. எனக்கு இது நன்றாகத் தெரியும். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும் கரும்பும் வந்தன, அப்பா இரண்டையும் தொட்டார், குறைவாக. நோன்பு முடிந்ததும் பழைய கதை திரும்பும் என்று பயந்துகொண்டுதான் லீவு முடிந்து பெங்களூர் வந்தேன்.

போன வாரம் அத்தை போன் பண்ணினார். நலம் விசாரிக்கவில்லை, சாப்பிட்டியா என்றுகூடக் கேட்கவில்லை.

"மருமகனே, உன் போன்ல காலண்டர் இருக்குல்ல. மாசியில ஏதாச்சும் நோன்பு வருதான்னு பாத்துச் சொல்லு. இருபது நாளாவது இருக்கணும்."